கேள்வி–பதில்: நாற்பது ஏக்கரும் பாக்கிக் கணக்கும்

போன இதழில் அமெரிக்க ஜனாதிபதி லிங்கனைப் பற்றி நான்கு வரி எழுதப் போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது, சரி, அப்புறம் என்ன ஆயிற்று, விடுதலையான 40 லட்சம் கறுப்பின அடிமைகளும் மறுநாள் காலையில் எங்கே போனார்கள் என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை சினிமா, கிரிக்கெட் கேள்விகளுக்கெல்லாம் லீவு.

கே: லிங்கன் 1863-லேயே அடிமைகளை விடுவித்துவிட்டார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிறகு எதற்கு 1865-ல் தனியாக ஒரு சட்டத் திருத்தம்?

ப: பள்ளிப் புத்தகம் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது. 1863 ஜனவரி 1 பிரகடனம் பிரிந்துபோய்ச் சண்டை போட்ட தென் மாநிலங்களுக்கு மட்டும்தான். லிங்கன் பக்கமே நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் நான்கிலும் அடிமை முறை இருந்தது. அங்கே கை வைத்தால் அவர்களும் எதிரிப் பக்கம் போய்விடுவார்களோ என்ற பயம். ஆக, அவர் பேச்சு செல்லாத ஊரில் விடுதலை, செல்லுகிற ஊரில் இல்லை என்று அப்போதே கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலும் முழுக்க நியாயமில்லை. வடக்கின் படை முன்னேற முன்னேற ஆயிரக்கணக்கானவர்கள் பண்ணையை விட்டு ஓடிவந்து அதோடு சேர்ந்துகொண்டார்கள், சுமார் 1,80,000 கறுப்பர்கள் சிப்பாய்களாகவே போரிட்டார்கள். டெக்சஸில் கால்வெஸ்டன் ஊருக்குப் படை போய்ச் சேர்ந்து விடுதலை உத்தரவை வாசித்தது 1865 ஜூன் 19-ல். அந்த நாள்தான் 2021 முதல் அமெரிக்காவில் தேசிய விடுமுறை.

நாடு முழுவதற்கும் சட்டமானது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் மூலம். அதில் ஒரு சின்னச் சந்து விட்டிருந்தார்கள்: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் மட்டும் கட்டாய வேலை வாங்கலாம். அந்தச் சந்து வழியாக எவ்வளவு பெரிய வண்டி போயிற்று என்பதைக் கீழே ஒரு பதிலில் பாருங்கள்.

கே: "நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்" என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது உண்மையிலேயே கொடுத்த வாக்குறுதியா, கட்டுக்கதையா?

ப: எழுத்தில் போட்ட உத்தரவு. 1865 ஜனவரி 12, ஜார்ஜியா மாநிலம் சவன்னா. வடக்கின் ஜெனரல் ஷெர்மன் ஊரைப் பிடித்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் அவரும் உட்கார்ந்து, அந்த ஊர்க் கறுப்பின மதகுருமார், சபைத் தலைவர்கள் 20 பேரை வரவழைத்து, உங்கள் மக்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்கள். 20 பேர் சார்பாகப் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர், வயது 67. எட்டு வருடம் முன்புதான் 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாக எண்ணிக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு வாங்கி மீட்டிருந்தவர். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம். இன்னொன்று, ஷெர்மனைப் பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதற்காக அவரையே கொஞ்ச நேரம் அறைக்கு வெளியே போகச் சொல்லியிருக்கிறார் ஸ்டான்டன். ஊரையே எரித்துக்கொண்டு வந்த ஜெனரல் கதவுக்கு வெளியே நிற்க, உள்ளே பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்கள் அவருக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கே நாளில் உத்தரவு வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், கடற்கரையிலிருந்து 30 மைல் உள்ளே வரை கைவிடப்பட்ட வயல்கள், ஃபுளோரிடாவில் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் உழக்கூடிய நிலம். கோவேறு கழுதை உத்தரவில் கிடையாது. படைக்கு உபயோகமில்லாமல் கிடந்தவற்றைப் பிறகு சிலருக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களுக்குள் சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்தும்விட்டார்கள்.

ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு கொடுக்க ஆரம்பித்தார், மன்னிப்போடு நிலமும் திரும்பியது. இந்தச் செய்தியை அந்த மக்களிடம் போய்ச் சொல்லும் வேலை யார் தலையில் விழுந்தது தெரியுமா? அவர்களுக்கு உதவத்தான் தொடங்கப்பட்ட அரசு அலுவலகமான ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் தலைவர் ஜெனரல் ஹவார்டு தலையில். அக்டோபரில் எடிஸ்டோ தீவு தேவாலயத்தில் கூட்டம். இவர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் ஒரே இரைச்சல், பேச முடியவில்லை. ஒரு பெண்மணி துயரப் பாட்டு ஒன்றை எடுக்க, கூட்டமே சேர்ந்து பாடியதாம். பண்ணையார்களை மன்னித்துவிடுங்கள் என்று ஹவார்டு கேட்டுக்கொண்டார். ஹவார்டு போரில் வலது கையை இழந்தவர். தீவுக்காரர்கள் குழு அவருக்கு எழுதிய பதில் கடிதத்தின் சாரம் இது: நீங்கள் இழந்தது ஒரு கை, உங்களால் மன்னிக்க முடியலாம், என்னை மரத்தில் கட்டி வைத்து 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் தங்கையையும் அடித்தவன், இன்று தன் வயலில் வேலை செய்தால்தான் காலிக் குடிசையில்கூட இருக்க விடுவேன் என்கிறான், அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னைக் கேட்டால், மறுகட்டமைப்புக் காலம் என்று சரித்திரப் புத்தகங்கள் அழைக்கும் அந்தப் பன்னிரண்டு வருடமும் இந்தத் தேவாலயக் கூட்டத்துக்குள் அடக்கம். பின்னால் வந்ததெல்லாம் இதன் வால்.

கே: இத்தனை தலைமுறை உழைத்ததற்கு யாராவது ஒரு பைசா நஷ்டஈடு கொடுத்தார்களா?

ப: கொடுத்தார்கள், முதலாளிகளுக்கு! தமாஷ் இல்லை. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் மட்டும் அடிமை முறையை ஒழித்தபோது, ஒரு ஆளுக்கு 300 டாலர் வரை எஜமானர்களுக்கு அரசு கஜானாவிலிருந்து கொடுக்கப்பட்டது. மனிதர்களை மதிப்பிட அனுபவசாலி வேண்டுமே என்று பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வியாபாரியையே வரவழைத்து விலை போட்டார்கள். விடுதலையானவர் நாட்டை விட்டே போகச் சம்மதித்தால் அவருக்கு 100 டாலர் வரை உண்டு. இங்கேயே இருந்தால் ஒன்றும் கிடையாது.

கேட்டவர்கள் உண்டு. டென்னசியில் அடிமையாக இருந்து ஒஹையோ மாநிலம் டேட்டன் நகருக்குப் போய்விட்ட ஜோர்டன் ஆண்டர்சனுக்கு, 1865-ல் பழைய எஜமான் கர்னல் ஆண்டர்சன் கடிதம் போட்டார்: திரும்பி வா, யாரையும்விட நன்றாக வைத்துக்கொள்கிறேன். (எஜமானின் குடும்பப் பெயரே அடிமைக்கும் ஒட்டிக்கொள்வது வழக்கம், உறவெல்லாம் இல்லை.) ஜோர்டன் ஆள் வைத்து எழுதி அனுப்பிய பதில் பத்திரிகைகளில் அச்சாகி நாடெங்கும் படிக்கப்பட்டது. மரியாதைக்குக் குறைவில்லாமல் நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறார். இங்கே மாதம் 25 டாலர் வாங்குகிறேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஊரார் என் மனைவி மாண்டியை மிசஸ் ஆண்டர்சன் என்று அழைக்கிறார்கள். நீங்கள் மனசார அழைக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை வைக்கிறோம், பழைய சம்பள பாக்கியை அனுப்பிவையுங்கள். நான் உழைத்தது 32 வருடம், மாதம் 25 டாலர். மாண்டி 20 வருடம், வாரம் 2 டாலர். மொத்தம் 11,680 டாலர். போட்டுப் பாருங்கள், 9,600-ம் 2,080-ம், கணக்குச் சுத்தமாக இருக்கிறது. இதோடு வட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்குத் துணிமணி வாங்கிய செலவு, எனக்கு டாக்டர் மூன்று தடவை வந்த செலவு, மாண்டிக்குப் பல் பிடுங்கிய செலவு மூன்றையும் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

அந்தப் பல்லைக் கழித்துக்கொள்ளச் சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கடிதத்தின் கடைசி வரி: நீங்கள் என்னைச் சுட்டபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினாரே ஜார்ஜ் கார்ட்டர், அவருக்கு என் வணக்கத்தையும் நன்றியையும் சொல்லுங்கள்.

பணம் வரவில்லை, ஜோர்டனும் போகவில்லை.

கே: ஆறு லட்சம் பேருக்கு மேல் சாகக் காரணமான தென்னகத் தலைவர்களைத் தூக்கில் போட்டார்களா?

ப: இல்லை. பிரிந்துபோன தென்னகத்தின் ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன் டேவிஸ் இரண்டு வருடம் கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்; வழக்கு விசாரணைக்கே வரவில்லை. துணை ஜனாதிபதி ஸ்டீபன்ஸ் மறுபடி நாடாளுமன்றத்துக்கே போய், பின்னால் ஜார்ஜியா கவர்னரும் ஆனார். தளபதி ராபர்ட் லீ ஒரு கல்லூரித் தலைவர். ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமின் அதிகாரி ஹென்றி வெர்ஸ் போன்ற ஓரிருவர்தான் தூக்குமேடை ஏறினார்கள். பழிவாங்காமல் விட்டது பெருந்தன்மை என்பார்கள், இருக்கட்டும், தூக்கில் போடாததை நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் உயிரோடு விட்ட கையோடு நிலத்தையும் பதவியையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டார்கள்.

தெற்கின் சாதாரண வெள்ளைக்காரனும் நொந்துதான் போயிருந்தான், அதையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலம் 1866-ல் தன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை, கால் வாங்கவே செலவழித்தது.

கே: லிங்கன் உயிரோடு இருந்திருந்தால்?

ப: ஜான்சனைவிட மோசமாகச் செய்திருக்க முடியாது. தெரிந்தது இவ்வளவுதான்: 1865 ஏப்ரல் 11 பேச்சில், படித்த கறுப்பர்களுக்கும் போரிட்ட கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்கலாம் என்றார். கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜான் வில்க்ஸ் பூத், இதுதான் இவர் பேசப்போகும் கடைசிப் பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றே நாளில் லிங்கனைச் சுட்டவன் அவன்தான்.

கே: நிலமும் இல்லை, கூலி பாக்கியும் இல்லை என்றால் எப்படித்தான் பிழைத்தார்கள்?

ப: முதலில் அவர்களை எப்படிப் பிழைக்க விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 1865 கடைசியிலேயே தென் மாநிலங்கள் 'கறுப்புச் சட்டங்கள்' போட்டன. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஊர்சுற்றி என்று பிடித்து அபராதம், கட்ட முடியாதவரை அபராதத்தைக் கட்டும் பண்ணையாரிடமே வேலைக்கு அனுப்பிவிடுவது. தென் கரோலினாவில் கறுப்பர் ஒருவர் விவசாய வேலை, வீட்டு வேலை தவிர வேறு தொழிலோ கடையோ நடத்தினால் வருடத்துக்கு 100 டாலர் வரை வரி. இந்தச் சட்டங்களை வடக்கு ஒழித்துக்கட்டியது. பின்னால் வேறு உருவத்தில் வந்தன. சிறைக் கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதை வேலைக்கும் வாடகைக்கு விட்டார்கள். மேலே சொன்னேனே, திருத்தத்தில் விட்ட சந்து, அந்த வழியாகப் போன வண்டி இதுதான்.

வயலில் ஒரு பேரம் படிந்தது. பழைய மாதிரி மேஸ்திரியின் கீழ் கும்பலாக வேலை செய்ய மாட்டோம் என்று கறுப்பர்கள் உறுதியாக நின்றார்கள், பெண்கள் பலர் வயலுக்குப் போவதையே நிறுத்தினார்கள் (சீமாட்டி வேஷம் போடுகிறார்கள் என்று பண்ணையார்கள் புலம்பினார்கள்). பண்ணையாரிடம் கூலி கொடுக்க ரொக்கம் கிடையாது. கடைசியில் நமக்கெல்லாம் தெரிந்த வாரச் சாகுபடிதான்: நிலம் உன்னுடையது, பாடு என்னுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் உழுகிறவனுக்குப் பருத்தி காசாவது வருடக் கடைசியில். அதுவரை சோளமாவு, பன்றிக்கறி, செருப்பு எல்லாம் பண்ணையார் கடையிலோ ஊர்க் கடையிலோ கடன். கடையில் ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வட்டி, அதுவும் கந்து வட்டி. விளையப்போகும் பயிர்தான் அடமானம். சாப்பாட்டுக்கு என்று சோளம் போட்டால் கடைக்காரர் விடமாட்டார், காசுப் பயிர் பருத்தி போடு என்பார். எல்லோரும் பருத்தி போடப் போட, போர் முடிந்த மறு வருடம் ராத்தல் 30 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1890-களின் நடுவில் 5 சென்ட் பக்கம் வந்துவிட்டது. டிசம்பரில் கணக்கு முடிக்கும் நாள். பேரேடு கடைக்காரர் கையில், எழுதியதும் அவர், வாசித்துக் காட்டுவதும் அவர். உன் பங்குக்கு இவ்வளவு வரவு, பற்று இவ்வளவு, ஆக நீதான் இன்னும் தர வேண்டும், பரவாயில்லை, அடுத்த வருடமும் நம்ம நிலத்திலேயே இரு. எதிர்த்துக் கணக்குக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பேரேட்டில் வெள்ளைக்கார ஏழைகளும் நிறையப் பேர் மாட்டினார்கள்.

எழுபது வயதுக் கிழவர்கள் பேரப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்ததற்கு பைபிள் வாசிக்கும் ஆசை ஒரு காரணம். ஒப்பந்தத்தையும் இந்தப் பேரேட்டையும் தானே படிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

கே: அவர்களுக்கென்று தனி வங்கியே இருந்தது என்கிறார்களே?

ப: 1865 மார்ச்சில் அரசு சாசனத்தோடு தொடங்கிய ஃப்ரீட்மேன்ஸ் சேமிப்பு வங்கி. சிப்பாய்களின் சம்பளம், சலவைக்காரிகளின் சில்லறை எல்லாம் அங்கே போயிற்று. அரசாங்க வங்கி என்றே ஜனங்கள் நம்பினார்கள், அரசோ எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. நிர்வாகிகள் பணத்தைத் தெரிந்தவர்களுக்கு நிலக் கடனாக வாரி விட்டார்கள், 1873 நெருக்கடியில் எல்லாம் ஆட்டம் கண்டது. அப்புறம்தான் புகழ்பெற்ற பேச்சாளர் ஃபிரெடரிக் டக்ளஸைக் கூப்பிட்டுத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரும் நம்பித் தன் 10,000 டாலரைப் போட்டார். மூன்று மாதத்தில், 1874 ஜூனில், கதவு சாத்தப்பட்டது. 60,000-க்கும் மேற்பட்டவர்களின் சுமார் 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. முழுசாக யாருக்கும் திரும்பவில்லை.

கே: எல்லாமே சோகமாகச் சொல்கிறீர்கள். நல்லது ஒன்றுமே நடக்கவில்லையா சார்?

ப: நடந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு. அங்கே பிறந்தவரெல்லாம் குடிமக்கள் என்றது 1868-ன் 14-வது திருத்தம், நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்காதே என்றது 1870-ன் 15-வது. அதே 1870-ல் மிசிசிப்பியிலிருந்து கறுப்பரான ஹைரம் ரெவல்ஸ் செனட்டரானார். தெற்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி என்பதே இந்தக் காலத்து ஆட்சிகள் கொண்டுவந்ததுதான், ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அந்த ஆட்சிகளில் ஊழல் இருந்தது, மறுக்கவில்லை, வடக்கில் மட்டும் இல்லையா என்ன.

எனக்குப் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே மாதம் ஒரு விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருக்க, எதிரிப் படையின் 'பிளான்டர்' கப்பலையே கிளப்பிக்கொண்டு போனார். கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டையைக் கடக்கும்போது சரியான சங்கேத ஒலி எழுப்பி, குடும்பத்தோடு வடக்குக் கப்பற்படையிடம் போய்ச் சேர்ந்தார். வயது 23. பின்னால் ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினர். பியூஃபோர்ட் ஊரில் தானும் தாயும் அடிமையாக இருந்த வீட்டையே விலைக்கு வாங்கிக் குடியேறினார்.

இன்னொன்று. ஜெபர்சன் டேவிஸின் அண்ணன் ஜோசப், மிசிசிப்பி ஆற்றோரம் இருந்த பண்ணைகளை 1866-ல் தன் முன்னாள் அடிமை பெஞ்சமின் மான்ட்கோமரிக்கே 3,00,000 டாலருக்குக் கடனாக விற்றார். மான்ட்கோமரி நன்றாகவே நடத்தினார். வெள்ளமும் பருத்தி விலையும் படுத்த, அண்ணன் இறந்த பிறகு ஜெபர்சன் டேவிஸ் வழக்குப் போட்டுத் தன் பண்ணையைத் திரும்ப வாங்கிவிட்டார். இந்த வழக்கு மட்டும் விசாரணைக்கு வந்தது, கவனித்தீர்களா?

கே: ஓட்டுரிமையைச் சட்டமே கொடுத்த பிறகு எப்படிப் பறித்தார்கள்?

ப: முதலில் துப்பாக்கியால், பிறகு பேனாவால். கறுப்பர்களை மிரட்டிக் கொன்ற கூ கிளக்ஸ் கிளான் கும்பலை அதிபர் கிராண்ட் 1871-ல் படை வைத்து நொறுக்கினார், ஆக மனசிருந்தால் முடியும் என்பது நிரூபணமானது. ஆனால் 1873-ல் லூசியானா மாநிலம் கால்ஃபேக்ஸில் ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய அளவில் கறுப்பர்கள் படுகொலை நடந்து, அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களை 1876-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. வடக்குக்கும் அலுத்துப்போயிற்று. 1876 அதிபர் தேர்தலில் இழுபறி, தேர்வாளர் ஓட்டு 185-க்கு 184 என்று ஹேய்ஸ் ஜெயித்ததாக அறிவிப்பு, மறு ஏப்ரலில் தெற்கின் சட்டமன்றங்களைக் காத்து நின்ற படை முகாமுக்குத் திரும்பியது. அப்புறம் ஓட்டுப் போடத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு. லூசியானாவில் 1896-ல் பதிவான கறுப்பு வாக்காளர்கள் 1,30,334. 1904-ல் 1,342.

கே: குழந்தைகளைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுவார்களாமே. பிரிந்த குடும்பங்கள் சேர்ந்தனவா?

ப: சில சேர்ந்தன. பல சேரவில்லை. விடுதலை கிடைத்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கியவர்களைச் சோம்பேறிகள், ஊர்சுற்றிகள் என்று பண்ணையார்கள் ஏசினார்களே, அதில் எத்தனையோ பேர் விற்கப்பட்ட பிள்ளையையோ மனைவியையோ தேடி நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர்கள்.

நடக்க முடியாதவர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில் 'தொலைந்த சொந்தங்கள்' என்று ஒரு பகுதியே உண்டு, சந்தாதாரர் இல்லை என்றால் கட்டணம் 50 சென்ட். வாசிக்கத் தெரியாதவர்கள் காதிலும் விழட்டும் என்று, பிரசங்க மேடையிலிருந்து இதைப் படிக்கும்படி போதகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எப்படி அடையாளம் சொல்வது? குடும்பப் பெயர் எஜமான் மாறும்போதெல்லாம் மாறியிருக்கும், முகம் ஞாபகமில்லை, விற்றபோது தனக்கு வயது ஆறோ ஏழோ. அதனால் அம்மாவைத் தேடுகிற விளம்பரத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். மீதியெல்லாம் யார் யாரிடம் வாங்கி யார் யாருக்கு விற்றார் என்று எஜமானர்களின் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியல்தான் விலாசம். போர் முடிந்து 35 வருடம் கழித்தும், அறுபதைத் தாண்டியவர்கள் அம்மாவைத் தேடி இந்த விளம்பரங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.